பிள்ளையோடு வருகிறவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்

மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியதும் மதுரையில் நடைக் கூட்டங்கள் களைகட்டிவிடும். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் நமக்குக் காலம். பங்குனி பிறந்துவிட்டால் காலை வெயிலிலேயே பாறை சுட ஆரம்பித்துவிடும், சித்திரையைக் கேட்கவே வேண்டாம். இந்த வருஷம் எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் தங்கள் தெரு, தங்கள் அப்பார்ட்மென்ட், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு மலைக்கும் கண்மாய்க் கரைக்கும் கிளம்பியிருக்கிறார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். "நீங்க முன்னாடியே செஞ்சுக்கிட்டிருக்கீங்கள்ல, என்னென்ன பாத்துக்கணும்க்கா?" என்று கேட்டார்கள். போனில் சொன்னது போதவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அழைப்பில் "குழந்தைகளும் வரலாம்" என்று ஒரு வரி போடுவது எளிது. ஆனால் குழந்தை தானாக வராது. தூக்கிக்கொண்டோ, கையைப் பிடித்துக்கொண்டோ, பாதி வழியில் கெஞ்சிக்கொண்டோ ஒருவர் அதைக் கூட்டி வரவேண்டும். அந்த ஒருவருக்கு அந்தக் காலைப்பொழுது எப்படிப் போகும் என்று யோசித்துத்தான் அழைப்பு எழுதப்படுகிறதா? பெரும்பாலும் இல்லை. நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒருவரைப் பற்றி.

என் நிலைமையைச் சொன்னால் விஷயம் விளங்கும். எங்கள் வீட்டுக்காரர் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், எங்களுக்கு அன்றுதான் வியாபாரமே. விடிவதற்கு முன்பே கடைக்குப் போய்விடுவார், மதியம் தாண்டித்தான் வருவார். நான் ஒரு லேபில் டெக்னீஷியன், ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆக, பெரியவளையும் சின்னவனையும் ஸ்கூட்டியில் முன்னும் பின்னுமாக வைத்துக்கொண்டு எங்கே போனாலும் நான் ஒருத்திதான் போகவேண்டும்.

அப்படித்தான் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நடைக் குழுவில் சேர்ந்தேன். நல்ல மனிதர்கள், நிறையத் தெரிந்தவர்கள். ஆனால் சின்னவன் பாறை இடுக்கில் எறும்புச் சாரையைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவான். அவனைக் கிளப்பிக்கொண்டு நான் மேலே போய்ச் சேரும்போது விளக்கம் சொல்லி முடித்திருப்பார்கள், குரூப் போட்டோவும் எடுத்தாகியிருக்கும், முதலில் ஏறியவர்கள் இறங்க ஆரம்பித்திருப்பார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அடுத்த தடவை பையனை வீட்ல விட்டுட்டு வாங்க சிஸ்டர், நல்லா ரசிக்கலாம்" என்று ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார். வீட்டில் யாரிடம் விடுவது? அதற்குப் பிறகு நான் போகவில்லை. போகாமல் நின்றுபோனது நான் மட்டும் இல்லை என்பது, பின்னால் பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்களிடம் பேசும்போதுதான் தெரிந்தது. ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்கு வண்டி இல்லை, ஒருத்தியின் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. குழுவில் யாருமே "ஏன் வரலை?" என்று அவர்களைக் கேட்டதில்லை. அவர்களில் சிலரும் நானும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இப்போது நாங்கள் போகும் நடை. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

இது ஏதோ பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு யோசனையா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் மலை பார்க்கப் போவது வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு வந்தபோது சுற்றியிருந்த ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். பசுமை நடை என்ற நடைக் குழு தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். குடும்பம் குடும்பமாக ஆட்கள் மலைக்குகைகளில் சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகளைப் பார்க்கப் போகும் பழக்கம் நம் ஊரில் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். சுமார் 250 பறவை வகைகள், தேவாங்கு, அலங்கு என்னும் எறும்புதின்னி, மலைப்பாம்பு எல்லாம் இருக்கும் இடம். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் போனது. மேலூர்ப் பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளோடு சாலையில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஒரு மலையை நேரில் போய்ப் பார்த்த பிள்ளைக்கு அது செய்தித்தாளில் வரும் வெறும் பெயராக இருக்காது. அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவருக்கு வழி இல்லையென்றால் பிள்ளைக்கும் வழி இல்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறை. இதை முதலில் சொல்வதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். ஒரு பெண் நடைக்கு வருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பாதி நேரம் இதை வைத்துத்தான். வருகிற பெண்களிலும் பலர் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டு வருவார்கள். தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வைத்து, நீர்க்கடுப்போடு யூரின் கல்ச்சருக்கு வந்து நிற்கும் பெண்களை நான் லேபில் வாராவாரம் பார்க்கிறேன். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே இருப்பவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள். மலை பார்க்க வந்த இடத்திலும் அதே பாட்டை அவர்களுக்கு வைப்பது நியாயமே இல்லை.

அதனால் நாங்கள் ஓர் இடத்தை முடிவு செய்தால், வேலை நாளில் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அடிவாரத்தில் கழிப்பறை இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? இவ்வளவையும் அழைப்பிலேயே எழுதிவிடுவோம். "அடிவாரத்துல பாத்ரூம் கிடையாது, அரை கிலோமீட்டர் முன்னாடி ஒரு வீட்ல சொல்லி வச்சிருக்கோம், எல்லாரும் அங்க நின்னுட்டுத்தான் போவோம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்ன பெண்கள் உண்டு. அந்த வீட்டு அக்காவுக்குக் காசு நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார். அதனால் காலைப் பணியாரமும் டீயும் அவரிடமே சொல்லிவிடுகிறோம், கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுகிறோம். மேலே ஏறிய பிறகு அவசரம் என்றால் என்ன செய்வது? பழைய கெட்டிப் புடவை இரண்டு எப்போதும் பையில் இருக்கும். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் மறைப்பு ஆயிற்று. சுனைக்கும் சிற்பத்துக்கும் தள்ளித்தான் இடம் பார்ப்போம். கூடவே நாப்கின், பழைய பேப்பர், ஒரு மூடி போட்ட டப்பா. மேலே எதையும் விட்டு வருவதில்லை. இதைப்பற்றி ஆண்கள் முன்னால் சாதாரணமாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளை அம்மாக்கள் தைரியமாகக் கூட்டி வந்தார்கள்.

அடுத்தது வேகம். முன்னால் நடப்பவர் யார் என்பதை எல்லாக் குழுக்களும் முடிவு செய்துவிடும். கடைசியில் நடப்பவர் யார் என்பதை முடிவு செய்வதில்லை. தேர் ஓடும்போது வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், ஆனால் சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் இல்லாமல் தேரை எந்தத் தெருவிலும் திருப்ப முடியாது. எங்கள் நடையில் கடைசி ஆள் அப்படித்தான். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. எறும்பு பார்க்கும் பிள்ளையோடு அவரும் உட்காருவார். அவர் வந்து சேராமல் முன்னால் இருப்பவர் வாயைத் திறக்கமாட்டார். விளக்கம், போட்டோ, சாப்பாடு எல்லாம் கடைசி ஆள் வந்த பிறகுதான். இந்த ஒரு ஏற்பாட்டால் மாறியது அதிகம். பின்தங்கி வரும் அம்மாவின் முகத்தில் இருக்கும் அந்தப் பதற்றம், "சீக்கிரம் வாடா" என்று பிள்ளையின் முதுகில் விழும் அந்த அடி, இரண்டும் குறைந்துபோனது.

எல்லாரும் உச்சிக்குப் போயே தீரவேண்டும் என்பதையும் விட்டுவிட்டோம். கீழக்குயில்குடி சமணர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். கைக்குழந்தைக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் அங்கேயே இருந்துவிடலாம், அதுவும் நடையில் கலந்துகொண்டதுதான். மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை. ஏற்றம் அதிகமில்லை. குகைக்கு வெளியே சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவர் பெரிய சிற்பமாக உட்கார்ந்திருப்பார், உள்ளே விதானத்தையொட்டி, சிங்கத்தின் மேல் ஏறிக்கொண்டு யானைமேல் வருபவனோடு சண்டை போடும் இயக்கி என்ற சமணப் பெண்தெய்வம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சிற்பம் போதும், அரை மணி நேரம் அங்கேயே கதை ஓடும். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அதற்கும் மேலே போக ஆசைப்படுகிறவர்கள் போகலாம். எங்கே நின்றாலும் அங்கே கேட்கவும் பார்க்கவும் ஏதாவது இருக்கும்படி ஆள் பிரித்துக்கொள்வோம். "மேல வரைக்கும் வந்தீங்களா?" என்ற கேள்வியை நாங்கள் கேட்பதில்லை.

பேச்சிப்பள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு சுனை, அதன் மேலே பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகள், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுக் காலத்தவை. யார் செய்து வைத்தார்கள் என்பதை அந்த எழுத்துகள் சொல்கின்றன. அதில் ஒன்று: அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி ஒரு சமணத் துறவி. ஒரு மார்கழிக் காலையில் அங்கே நின்று நான் அச்செடுத்து வைத்திருந்த தாளைப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிற்பத்தைத் தொடாமல், எழுத்து போகிற போக்கில் காற்றில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசமாக இருந்த ஒரு பெண், படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் இடுப்பில் கைவைத்து நின்றவர், "அம்மா பேரைத் தனியாப் போட்டிருக்காங்களாக்கா? இன்னாரோட அம்மான்னு மட்டும் விட்டுடலையா?" என்று கேட்டார். இல்லை, இரண்டும் இருக்கிறது. தாயார் என்றும் இருக்கிறது, குணமதியார் என்றும் இருக்கிறது. அவர் என்னிடமிருந்து தாளை வாங்கித் தானே ஒரு தடவை சத்தமாகப் படித்தார்.

அன்றைக்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். என் போனில் பாதிப் பெண்கள் "இன்ன பிள்ளை அம்மா, மூணாம் கிளாஸ்" என்றுதான் பதிவாகியிருந்தார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து இயங்கும் எல்லா இடத்திலும் இது நடக்கிறது. இப்போது முதலில் வருபவரிடம் அவருடைய பெயரைக் கேட்கிறோம், பிறகுதான் பிள்ளையின் பெயர். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறோம். ஒரு அம்மா கல்யாணத்துக்கு முன்னால் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவர் என்பது இப்படித்தான் வெளியே வந்தது. இப்போது அடிவாரத்தில் பிள்ளைகளுக்கு அவர்தான் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆனால் அறிமுகத்தில் கேட்கக்கூடாத கேள்விகளும் உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். "சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு? குலசாமி எது?" நம் பக்கத்தில் இதெல்லாம் எதற்குக் கேட்கப்படுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். எங்கள் நடையில் ஒரு தடவை ஒருவர், புதிதாக வந்த ஒரு அம்மாவை இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். அந்தப் பெண்ணின் பதில்கள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சும்மா நடந்தார். எங்களில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் போய், "அண்ணே, இங்க அதெல்லாம் கேக்குறதில்லண்ணே. வாங்க, அந்தப் பக்கம் மயிலு நிக்கிது" என்று அழைத்துப் போனார். சத்தம் போடவில்லை, விட்டுவிடவும் இல்லை. பிறகு அதை அழைப்பிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டோம். யாராவது மனம் கோணினால் கோணட்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியே வராத குடும்பங்கள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன.

காசு விஷயம். முன்பு நான் போன குழுவில் டீ ஷர்ட் வாங்கவேண்டும், மூன்று பேர் என்றால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நாங்கள் எதுவும் வசூலிப்பதில்லை. ரப்பர் செருப்போடு வருகிற பிள்ளையைக் குறையாகப் பார்ப்பதும் இல்லை. வழுக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏற அதற்குத் தெரியும், ஷூ போட்ட பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டவுன் பஸ் போகிற ஊரா என்று பார்த்துக்கொள்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியார் நிலையத்தில் ஏறினால் ஒரு பைசா செலவில்லாமல் அம்மாவும் கைக்குழந்தையும் வந்து இறங்கலாம். பஸ் நேரத்தை வைத்து நடை நேரத்தைப் போடுங்கள். காரில் வருகிறவர் பத்து நிமிஷம் காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஞாயிறு காலையைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். எங்களை மாதிரிக் கறிக்கடைக் குடும்பங்கள் மட்டும் இல்லை, சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கும் அந்த நேரம் ஒத்துவராது. ஆகவே மாற்றி மாற்றி வைக்கிறோம். சில மாதம் ஞாயிறு காலை, சில மாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம். சாயங்காலம் என்றால் பாறை வேண்டாம், பகலெல்லாம் குடித்த வெயிலை அது இருட்டிய பிறகும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கண்மாய்க் கரை போதும். அல்லது காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனை அது, 1959இல் நேரு திறந்து வைத்தது. சமதரை, நிழல் தரும் மரங்கள். முதன்முதலாகக் கைக்குழந்தையோடு வெளியே வரும் அம்மாக்களுக்கு அங்கேதான் தொடங்குகிறோம். பால் கொடுக்க மரத்தடியில் உட்கார்ந்தால் கூட ஒரு பெண் உட்காருவார், மற்றவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போகமாட்டார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. தனியாக அறை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, தனியாக விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் அவன் அம்மாவும் வருகிறார்கள். வருவதற்கு முன்னால் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "விசில் அடிப்பீங்களா?" அன்றிலிருந்து விசிலும் மைக்கும் கிடையாது, கையை உயர்த்தினால் எல்லாரும் நிற்பது என்று பழகிக்கொண்டோம். போகப்போகும் இடத்தின் போட்டோக்களை வரிசையாக முந்தின நாளே அவருக்கு அனுப்பிவிடுவேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே வருவான், அடுத்து சுனை, அடுத்து படி என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பாதியில் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் கேள்வி கேட்காமல் ஒருவர் வண்டிவரை கூடப் போவார். அவன் சத்தம் போட்டு ஓடும்போது வெறித்துப் பார்க்காமல் இருக்க மற்ற பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று.

அப்பாக்களைப் பற்றி. வருகிற அப்பாக்கள் ஓரமாக ஒன்றாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளை அழுதால் அம்மாவைத் தேடும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, என்ன செய்வதென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கடைசி ஆள் வேலையை இப்போது பெரும்பாலும் அப்பாக்களுக்குத்தான் கொடுக்கிறோம், சாப்பாட்டுப் பொறுப்பும் அவர்களுடையது. மனைவி இல்லாமல் மகளோடு வரும் ஒருவர் இருக்கிறார். ஆரம்பத்தில் அவர் பக்கத்தில் வந்தால் பெண்கள் நகர்ந்துகொள்வார்கள், அவரும் தள்ளியே நடப்பார். மகள் பாத்ரூம் போகவேண்டும் என்றபோது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவர் நின்றதைப் பார்த்து என் பெரியவள் தானாகப் போய், "வா, நாங்க போறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது எந்தக் குடும்பம் தனியாக வந்தாலும் இன்னொரு குடும்பத்தை அதற்கு ஜோடியாகச் சொல்லிவிடுகிறோம்.

பாட்டிகளை மறந்துவிடாதீர்கள். அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையை வளர்ப்பது அவர்கள்தானே? "பெற்றோர்" என்று மட்டும் போட்டால் அவர்கள் தங்களைக் கூப்பிட்டதாகவே நினைப்பதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பத்தா, ஆவாரை, துத்தி, பிரண்டை என்று வழியெல்லாம் பேர் சொல்லிக்கொண்டே வந்தார், பிள்ளைகள் அன்று வேறு யார் பேச்சையும் கேட்கவில்லை.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறை விளிம்புகளில் மலைத்தேனீக் கூடு இருக்கும். புகை வேண்டாம், சென்ட் வேண்டாம், கல் எறிய வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கூடாது, கடிபட்டவரை அசையாமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். வெயிலில் பிள்ளை வாடினால் கொடுக்க 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்த பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பிள்ளைகளின் போட்டோவைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள், அம்மாக்களின் போட்டோவையும்தான். ஒரு போட்டோ வீட்டில் பிரச்சினையாகி நின்றுபோன பெண் எனக்குத் தெரியும்.

எங்களால் இன்னும் முடியாததும் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு அப்பா தன் மகனோடு வர ஆசைப்படுகிறார். மியூசியத்துக்கு வந்துவிட்டார், நல்ல தரை உள்ள கண்மாய்க் கரைக்கும் வந்தார். மலையடிவாரத்தில் மண்ணும் கல்லுமான அந்த ஐம்பது அடிதான் தடை. அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நம் ஆட்கள் உற்சாகமாகச் சொன்னார்கள். "மகன் பாக்க என்னைத் தூக்க வேணாம், நானா வர்ற மாதிரி ஒரு இடம் பாருங்க" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த வட்டாரத்தில் பாறைச் சிற்பத்துக்கோ சுனைக்கோ பக்கத்தில்வரை சமமான பாதை உள்ள இடம் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. நாங்கள் அடிக்கடி போகும் ஓர் அடிவார ஊரில் பெண்களுக்கே பொதுக் கழிப்பறை சரியாக இல்லை. வெளியிலிருந்து வரும் எங்களுக்காகக் கேட்பதைவிட அவர்களுக்காக அவர்களே கேட்பதுதான் முறை. ஜனவரி 26 கிராம சபையில் இதை வைக்கப் போவதாக அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள். மனுவை எழுதிக் கொடுக்கவும், பஸ் ஸ்டாப்பிலிருந்து அடிவாரம் வரை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கவும் நாங்கள் ஒத்துக்கொண்டிருக்கிறோம். வரைபடம் போடத் தெரிந்த அம்மாவோ அப்பாவோ இருந்தால் வரும் சனிக்கிழமை பிள்ளைகளோடு வாருங்கள், அளவு நாடா என்னிடம் இருக்கிறது, டீயும் பணியாரமும் அந்த அக்கா வீட்டில்.